அலமாரி காய நாள் கொடுங்கள்!

குளிக்கிற அறையில் மர அலமாரியா? பாட்டி கேட்டால் சிரிப்பாள். சீயக்காய்க் கிண்ணத்துக்குச் சுவரில் ஒரு மாடக்குழி போதும் என்று இருந்தவள் அவள்.

இன்று அப்படி இல்லை. புதுவையின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருக்கனூர் போன்ற ஊர்களிலும், புது வீடு கட்டுகிறவர்கள் கை கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரி வேண்டும் என்கிறார்கள். கேட்பதில் தவறு இல்லை. "கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது, முடித்துக் கொடுங்கள்" என்று தச்சரை விரட்டுவதுதான் தவறு!

மரம் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது, அகலத்தில்தான் மாறும். சித்திரையில் இடைவெளி விடாமல் பொருத்திய கதவு ஐப்பசி அடைமழையில் இறுகிக்கொள்வது இதனால்தான். விவரம் தெரிந்த தச்சர் கதவின் நடுப்பலகைக்குப் பசை போட மாட்டார். சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் சும்மா நிறுத்துவார். பலகை உப்பினாலும் சட்டம் பிளக்காது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தண்ணீரையும் கரையானையும் தாங்கும். அதற்குப் பணம் இல்லாதவர்கள் பிளைவுட் வாங்கலாம், வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கு வைத்திருக்கும் சோதனை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை மலிவு. குளியல் அறைக்கு அது ஆகாது.

வெளிநாட்டுப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி தரையோடு ஒட்டி வேண்டும்" என்பார் சிலர். அங்கே கண்ணாடித் தடுப்புக்குள் குளிப்பார்கள். மற்ற இடம் காய்ந்து கிடக்கும். இங்கேயோ வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். அறை முழுவதும் வெள்ளம்! ஆகவே அலமாரியின் அடி தரையைத் தொடக் கூடாது. சுவரில் மாட்டுவதே நல்லது. திருகாணிகள் எவர்சில்வராக இருக்கட்டும்.

அடுத்தது பூச்சு. அரக்கு பாலிஷ் கூடத்து நாற்காலிக்கு அழகு. தண்ணீர் நின்றால் வெள்ளை பூத்துவிடும். இங்கே பாலியூரித்தேன் பூச்சுதான் தாங்கும். ஒரு பூச்சு காய வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு மறு பூச்சு. முகப்புக்கு மட்டும் பூசினால் போதாது. முதுகு, அடிப்பக்கம், வெட்டிய விளிம்பு, குழாய்க்குப் போட்ட ஓட்டை எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். தண்ணீர் திருடனைப் போல அந்த வழியாகத்தான் நுழைகிறது. ஆனால், பளபளக்கும் முகப்புக்குக் கூலி தருகிற வீட்டுக்காரருக்கு, கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குத் தர மனம் வருவதில்லை.

திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. கூழ் காயும் முன்னே வர்ணம் பூசினால் என்ன ஆகும் என்று அந்த ஊர்ச் சிறுவனும் சொல்வான். பொம்மைக்குக் கொடுக்கிற நாளை அலமாரிக்கு ஏன் கொடுப்பதில்லை?

ஆறு மாதத்தில் கதவு உப்பினால் பழி தச்சர் தலையில் விழுகிறது. பாக்கிக் கூலி நின்றுபோகிறது. அடுத்த வீட்டு வேலையும் கைவிட்டுப் போகிறது. அவசரப்படுத்தியவரை யாரும் கேட்பதில்லை. வேலை பேசும்போதே பூச்சு காயும் நாட்களையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும்.

விழா நாளில் அலமாரி முடியாவிட்டால்தான் என்ன? தொட்டிக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தால் போகிறது. வந்தவர்கள் பாயசத்தைத்தான் பார்ப்பார்கள்!