பூட்டைத் திட்டாதீர்கள், சாமி

பலர் சேர்ந்து வேலை பார்க்கிற டிராயிங்கைத் திறந்தால், "இன்னார் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் பார்க்க மட்டும் செய்யலாம்" என்கிறது ஆட்டோகேட். உடனே நம்மாட்கள் திட்டுவது அந்த மென்பொருளை. இது அநியாயம் என்பது என் கட்சி.

டிராயிங்கைத் திறந்ததும் பக்கத்தில் டி.டபிள்யூ.எல். என்று ஒரு குட்டி பைல் முளைக்கும். யார், எந்தக் கம்ப்யூட்டரில், எப்போது திறந்தார் என்பது அதில் இருக்கும். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் போட்ட துண்டு மாதிரி. டிராயிங்கை மூடினால் தானாகப் போய்விடும். கம்ப்யூட்டர் பாதியில் உயிரை விட்டால் துண்டு மட்டும் கிடக்கும். அப்போது எடுத்துப் போடலாம், தப்பில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே எடுக்கச் சொல்கிற மேனேஜர்கள் இருக்கிறார்களே... துண்டை எடுத்தால் ஆள் எழுந்துவிடுவாரா? நிஜப் பூட்டு சர்வரிடம் இருக்கிறது. அதையும் உடைத்தால், கடைசியாக சேவ் செய்தவர் ஜெயித்தார். மற்றவரின் ஒரு நாள் உழைப்பு போச்சு.

நான் ரியாத்தில், டிராயிங் போடுகிறவர்கள் திருவனந்தபுரத்தில். அவர்களில் பலர் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து ரயிலில் வந்து போகிறவர்கள். சாயங்கால வண்டியைப் பிடிக்கிற ஓட்டத்தில் பைல் திறந்தபடியே கிடக்கும். எங்களுக்கு வெள்ளி, சனி லீவு. அவர்களுக்கு சனி, ஞாயிறு. அங்கே வெள்ளியன்று விழுந்த பூட்டு ஞாயிறு முழுக்க எங்களைச் சும்மா உட்கார வைக்கும். இங்கே வியாழனன்று விழுந்தது வெள்ளி முழுக்க அவர்களை.

மேனேஜர் கண்ட மருந்து? "பைனல்", "பைனல் 2", "பைனல் புதுசு" என்று காப்பி. தூண் எந்தக் காப்பியில் நகர்ந்தது என்று சைட்டில் கான்கிரீட் போட்ட பிறகு தேடிக்கொள்ளலாம்.

புரோகிராம் எழுதும் நண்பர்கள், "பூட்டே பழங்காலம், மெர்ஜ் பண்ணுங்க" என்பார்கள். வரிவரியாக எழுதிய நிரலுக்குச் சரி. டிராயிங்கை அப்படி ஒட்டவைக்க முடியாதே! அவர்களுடைய சப்வெர்ஷனே 2005-ல், 1.2 பதிப்பில், பூட்டு வசதியைச் சேர்த்தது இந்த மாதிரி பைல்களுக்காகத்தான் :-)

செய்ய வேண்டியது டிராயிங்கைப் பிரிப்பது. தளத்துக்கு ஒரு பைல், மின்சாரத்துக்கு ஒன்று, பிளம்பிங்குக்கு ஒன்று. தளத்தை எக்ஸ்ரெப்பாக அடியில் காட்டிக்கொண்டால் மூன்று பேர் மூன்று பைலில் வேலை பார்க்கலாம். இந்த வசதி 1990-ல் வந்த ரிலீஸ் 11-லேயே உண்டு, காசு தனியாகக் கிடையாது. வேலை ஆரம்பிக்கும்போது அரை நாள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை நாளை எந்த பில்லில் எழுதுவது என்று இரண்டு வருஷமாக மீட்டிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.