புதிய ஊசி என்றதும் நகையைக் கழற்றலாமா?



புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் முதலில் அழுகை. அடுத்து பீரோவைத் திறந்து நகையை எடுப்பது. சென்னைக்கோ வேலூருக்கோ போய்வந்த உறவினர் ஒருவர், "கட்டிக்குப் போகிற இரத்தத்தையே நிறுத்துகிற ஊசி வந்திருக்கிறதாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடனில் மூழ்கிய குடும்பங்களை நாம் அறிவோம். அந்த ஊசி பொய் அல்ல. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தைத் தொட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உடலில் செல்கள் தாமாக வளர்வதில்லை. "வளர்" என்று கட்டளையிடும் சில புரதங்கள் உண்டு. அவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். இவற்றைக் கண்டுபிடித்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. காயம் ஆறுவதும் கருவில் குழந்தை வளர்வதும் இத்தகைய காரணிகளால்தான். அதே கட்டளையைப் புற்றுநோய்க் கட்டியும் திருடிப் பயன்படுத்துகிறது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன், 1971-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு கட்டி 1 அல்லது 2 மில்லி மீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் தேவை. வயலுக்கு வாய்க்கால் போல. வாய்க்காலை அடைத்துவிட்டால் பயிர் வாடும் அல்லவா? கட்டியும் அப்படியே வாடும் என்றார் அவர். பல ஆண்டுகள் மற்ற ஆய்வாளர்கள் அதை நம்பவில்லை. 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா என்ற விஞ்ஞானி, இரத்தக் குழாயை வளரச் செய்யும் காரணியைப் பிரித்தெடுத்து அதற்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயரிட்டார். அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் (அவாஸ்டின்) என்ற மருந்துக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

இனிதான் கவனிக்க வேண்டிய கணக்கு. உடலெங்கும் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு, கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 15.6 மாதம் வரை உயிரோடு இருந்தார்கள். அதனுடன் இந்த மருந்தும் பெற்றவர்களில் பாதிப்பேர் 20.3 மாதம் வரை இருந்தார்கள். ஏறத்தாழ 5 மாதம் கூடுதல். முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ 4 மாதம். ஒரு தாய்க்கு மகளின் திருமணத்தைப் பார்க்க அந்த மாதங்கள் போதும் என்றால் அவை விலைமதிப்பற்றவை. ஆனால் "பூரண குணம்" என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் அது ஏமாற்றம். மார்பகப் புற்றுநோய்க்கு 2008-ல் கொடுத்த அனுமதியை அமெரிக்கா 2011-ல் திரும்பப் பெற்றது. அந்த நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது என்பதே காரணம்.

வாய்க்காலை அடைத்தும் கட்டி ஏன் முழுதாக வாடவில்லை? ஒரு பாதை அடைபட்டால் கட்டி வேறு வளர்ச்சிக் காரணிகளைக் கொண்டு வேறு பாதை தேடுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்யும் ராகேஷ் ஜெயின் இன்னொரு விளக்கம் தந்தார். கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகுகிற குழாய்களாக இருப்பதால் கீமோதெரபி மருந்தே உள்ளே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அளவோடு தடுத்தால் அந்தக் குழாய்கள் சிறிது காலம் சீராகும். அப்போது மற்ற மருந்து நன்றாக உள்ளே போகும் என்று 2001-ல் எழுதினார். அதனால்தான் இந்த ஊசியைப் பெரும்பாலும் வேறு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். ஜெயின் 2016-ல் அதிபர் ஒபாமாவின் கையால் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார்.

இந்த மருந்து இரத்தக் கொதிப்பை ஏற்றும், இரத்தக் கசிவு உண்டாக்கும், காயம் ஆறுவதைத் தடுக்கும். ஆகவே அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஓர் ஊரில் ஊசி, இன்னோர் ஊரில் ஆபரேஷன் என்று அலைகிற நம்மவர்கள் இதை இரண்டு டாக்டர்களிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபோக்மனின் ஆராய்ச்சியைச் சாக்காக வைத்து, "சுறாவுக்குப் புற்றுநோய் வராது" என்று 1990-களில் சுறா குருத்தெலும்பு மாத்திரை உலகெங்கும் விற்றது. சுறாவுக்கும் புற்றுநோய் வரும். நோயாளிகளிடம் முறையாகச் செய்த சோதனைகளில் அந்த மாத்திரையால் பலன் இல்லை என்று தெரிந்தது. இன்றும் யாராவது பை நிறைய மாத்திரையோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? செலவுக்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மருந்து நோயைக் குணமாக்குமா, நாளைக் கூட்டுமா? இல்லாமல் செய்தால் என்ன வித்தியாசம்? விலை குறைந்த, அதே தன்மையுள்ள வேறு கம்பெனி மருந்து இருக்கிறதா? பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று கூசாதீர்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அதைவிட முக்கியமானது, கட்டிக்கு வாய்க்கால் வருமுன்பே கண்டுபிடிப்பது. நம் தெருவில் பர்மியர் குன்யா என்று மடித்துத் தரும் வெற்றிலைச் சுருளை நம்மவர்களும் காலை முதல் இரவுவரை மெல்லுகிறார்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-லேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று பின்னர் 2004-ல் வெளியிட்டது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 3 வாரம் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

தாம்பூலம் நம் மரபு. அதை மடியில் வாங்கிக்கொள்வோம், மெல்ல வேண்டாம். சங்க விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் புகையிலைத் தட்டு வைப்பதை நிறுத்துவோம். இதற்கு வருத்தப்படும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களோடு பேசத் தயாராக இருக்கிறோம். கடைசி ஊசிக்காக ஊரெல்லாம் வசூல் செய்யும் நாம், ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனைக்கும் பெண்களின் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் அதே உண்டியலைத் திறந்தால், பிற்பாடு நகையைக் கழற்றும் வீடுகள் குறையும்.