வாசலுக்கு வரட்டும் நூலகம்

1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் தாம் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளுள் வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒன்றாக வைத்ததன் அருமை, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே பேருந்தில் சிக்கிச் சேப்பாக்கத்திலுள்ள அப்பல்கலைக்கழக நூலகத்திற்குப் போய்ச் சேரும் மாணவருக்கன்றோ நன்கு விளங்கும்!

மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால், 2025 ஜனவரி முதல், ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மின்வடிவில் திறந்துவிடப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றியும் கழிமுகங்களின் சீர்கேட்டைப் பற்றியும் உலகெங்கும் எழுதப்பெறும் ஆராய்ச்சிகள், அவற்றோடு அன்றாடம் வாழ்கிற வடசென்னைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாவிடில் பிரயோஜனம் என்ன? கல்லூரிகள் மாணவருக்குக் கடவுச்சொல்லைத் தயங்காது வழங்குக. இராயபுரம், திருவொற்றியூர்ப் பொது நூலகங்கள் கணினியும் இருக்கையும் இரவு வரை அளித்தல் வேண்டும்.