லுங்கின்னா அவ்ளோ எளக்காரமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் முடியற நேரத்துல டீக்கடையில பாருங்க. பசங்க நெஞ்சுல எல்லாம் பெருசு பெருசா வெளிநாட்டு லோகோ. "இது ஸ்ட்ரீட்வேர்ண்ணே, நம்மூர்ல இப்படி ஒரு பிராண்டு வந்ததே இல்ல"ன்னு ஒரு தம்பி எனக்கே கிளாஸ் எடுக்கறார். வந்துச்சு பாருங்க கோபம்!

தெருவுல புழங்குற ஜனங்க போடறதுதான் ஸ்ட்ரீட்வேர்னா, லுங்கியை விட்டா வேற எது? பிராண்டு பேர் வேணுமா? இதே திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற பழவேற்காடுதான் பேரு. 1613ல அங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டின டச்சுக்காரன், இந்தக் கரையோரத்துத் துணியைக் கப்பலேத்தி கிழக்கே கொண்டு போனான். அதைக் கொடுத்துதான் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினான். கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப் பேரே ஒட்டிக்கிச்சு. மலேசியாவுல இன்னிக்கும் கைலிக்குப் பேரு 'கைன் பெலிகட்'. பெலிகட்னா புலிகாட், அதாவது நம்ம பழவேற்காடு. லோகோ இல்லாம, விளம்பரம் இல்லாம நிலைச்ச பேருங்க இது!

சரி, பேரு நம்மளுது. காசு யாருக்குப் போச்சு?

இதே கட்டம் அமெரிக்காவுல 'மெட்ராஸ்'னு ஓடுச்சு. 1958ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு வியாபாரி, கேப்டன் கிருஷ்ணன் நாயர்கிட்ட (பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சவர்) கஜம் ஒரு டாலர்னு பத்தாயிரம் கஜம் வாங்கினார். பச்சைத் தண்ணியில பக்குவமா அலசணும்னு நாயர் சொல்லி அனுப்பினாராம். அந்தச் சேதி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போகவே இல்லை. சட்டையெல்லாம் சாயம் போய் ஒரே ரகளை. அப்புறம் விளம்பரக்காரங்க புகுந்து, 'சாயம் போறதுதான் இதோட கெத்து'ன்னு சொல்லியே வித்துட்டாங்க. கதையில வியாபாரி பேரு இருக்கு, கடை பேரு இருக்கு. நெய்தவன் பேரு எங்கே?

2018ல ஜாரா கடை அச்சு அசல் நம்ம லுங்கி மாதிரியே ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு வித்துச்சு. நாம என்ன பண்ணோம்? மீம் போட்டுச் சிரிச்சோம். அவ்ளோதான்.

2014ல ஒரு ஐகோர்ட் நீதிபதி வேட்டி கட்டினதால சென்னையில ஒரு கிளப்புக்குள்ள விடலை. சட்டசபையே கொதிச்சுது, அதே வருஷம் சட்டமே வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா லுங்கி கட்டினவனை வாசல்ல நிறுத்தினா யாரு கொதிப்பா? எங்க ஏரியாவுல ஒரு ஏசி ஓட்டல்ல என்னையே மேல கீழ பாத்துட்டு, "பார்சல் கவுண்டர் அந்தப் பக்கம் சார்"னு காட்டினாங்க. மூட்டை தூக்கறவன், மீன் பிடிக்கறவன், தறி ஓட்டறவன் கட்டற துணிங்கறதுதான் பிரச்சினை. துணி மேல இல்லைய்யா இந்த எளக்காரம், கட்டறவன் மேல.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் போனா இன்னமும் தறிச் சத்தம் கேக்கும். சென்னையில கடை வெச்சு 'மெட்ராஸ் ஸ்ட்ரீட்'னு டீஷர்ட்ல அச்சடிக்கிற தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். அந்தத் தறியில துணி எடுங்க. லேபிள்ல உங்க பேருக்குக் கீழ நெய்த ஊர் பேரையும் போடுங்க. கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. அப்புறம் பேசலாம் 'லோக்கல்' பெருமையெல்லாம்.

டிஸ்கி: "கைலி வேற, லுங்கி வேற"ன்னு பின்னூட்டத்துல கும்மியடிக்க வர்ற அண்ணாச்சிகளே, வாங்க. மடிச்சுக் கட்டிக்கிட்டே ரெடியா இருக்கேன் :-)