புது கிராஃபிக்ஸ் கார்டு என்றால் வேகம் கூடுமா? பெட்டியில் எழுதாத கணக்கு

2025 ஜனவரி. லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சி மேடையில் என்விடியா தலைமைச் செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 549 டாலருக்கு வரப்போகும் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்ச மாடலான 4090-க்கு இணையாகச் செயல்படும் என்றார். 4090-இன் அறிமுக விலை 1,599 டாலர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காசுக்கு அதே வேகம்!

மார்ச் மாதம் கார்டு விற்பனைக்கு வந்தது. விமர்சகர்கள் சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஏஐ உதவியை அணைத்துவிட்டு ஓட்டினால், 4090-இன் பக்கத்தில்கூட 5070 வரவில்லை. முந்தைய தலைமுறையின் 4070 சூப்பர்தான் அதற்குச் சரியான ஜோடியாக இருந்தது.

அப்படியென்றால் மேடையில் சொன்னது பொய்யா? முழுக்க பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. பழைய கார்டையும் புதிய கார்டையும் ஒப்பிடும்போது பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஃப்ரேம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நொடியில் திரையில் எத்தனை படங்கள், அதாவது ஃப்ரேம்கள் வருகின்றன என்பதுதான் கார்டின் வேகத்தை அளக்கும் வழக்கமான அளவுகோல். 4090-இல் 16,384 கூடா கோர்கள், 24 ஜிபி மெமரி. 5070-இல் 6,144 கோர்கள், 12 ஜிபி மெமரி. இவ்வளவு இடைவெளியை வைத்துக்கொண்டு எப்படிச் சமம் ஆகும்?

விடை, டிஎல்எஸ்எஸ் 4-இல் இருக்கும் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன். கார்டு உண்மையாக ஒரு ஃப்ரேமை வரைந்தால், அதோடு மூன்று ஃப்ரேம்கள் வரை ஏஐ தயாரித்துச் சேர்த்துவிடும். 40 சீரிஸில் இப்படிச் சேர்வது ஒன்றே ஒன்றுதான். எல்லா ஃப்ரேமையும் ஒரே கணக்கில் எண்ணினால், விளம்பர வரைபடத்தில் இரண்டு கார்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

கண்ணுக்கு இது நிஜமாகவே பயன்தரும். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் நீங்கள் மவுஸை அழுத்தியது கணக்கில் வருவது, கார்டே வரையும் ஃப்ரேமில் மட்டும்தான். 30 ஃப்ரேமை 120 ஆக்கினால், கண்ணுக்கு 120 தெரியும். கைக்கு அதே 30-இன் மந்தம்தான் இருக்கும். நிதானமான கதை கேமில் இது உறுத்தாது. வேலரண்ட் மாதிரி போட்டி கேமில் உறுத்தும்.

இன்னொரு விஷயம். குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கிக் கொடுக்கும் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங், 2018-இல் வந்த 20 சீரிஸ் முதல் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டிலும் வேலை செய்கிறது. அதற்காக மட்டும் புது கார்டு வாங்க வேண்டியதில்லை.

அதே வரிசை, உள்ளே வேற

2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 2023-இல் வந்த 4060 டிஐ. இரண்டின் அறிமுக விலையும் 399 டாலர். ஆனால் மெமரிக்கான பாதை 256 பிட்டில் இருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. நொடிக்கு 448 ஜிபி தரவைக் கடத்திய இடத்தில், புதியது 288 ஜிபி மட்டுமே கடத்துகிறது. நான்குவழிச் சாலை இருவழி ஆன மாதிரி.

ஈடுகட்ட, சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரியை 4 எம்பியில் இருந்து 32 எம்பியாகக் கூட்டினார்கள். அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 1080பி ரெசல்யூஷனில் இது எடுபட்டது. அதிலும் முன்னேற்றம் சுமார் 10 சதவீதம்தான். 4கே-யில் சில கேம்களில் பழைய கார்டே முந்தியது. மின்சாரம் மட்டும் 200 வாட்டில் இருந்து 160 வாட்டாகக் குறைந்தது.

மெமரி அளவும் இப்படித்தான். 2021-இன் 3060-இல் 12 ஜிபி. 2023-இன் 4060-இல் 8 ஜிபி. பெரும்பாலான கேம்களில் 4060 வேகமானது. ஆனால் 8 ஜிபி நிரம்பிவிட்டால் காட்சி திக்கித் திணறும், அல்லது டெக்ஸ்சர் மங்கும். அப்போது பழைய 3060 நிம்மதியாக ஓடும். சொந்த கணினியில் ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கூடுதல் 4 ஜிபி கைகொடுக்கும்.

பழசு எப்போ நிஜமாவே பழசாகுது?

இதற்கு நல்ல உதாரணம், 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 11 ஜிபி மெமரியோடு வந்த இந்தக் கார்டு, வெறும் வேகத்தில் இன்னும் 4060-இன் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஆனால் அது 250 வாட் எடுக்கும்; 4060-க்கு 115 வாட் போதும். தினமும் 3 மணி நேரம் கேம் ஆடினால், வித்தியாசம் இரண்டு மாத மின்கட்டண பில்லில் சுமார் 24 யூனிட்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதில் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாதது. 2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டுக்கும் அது கட்டாயம். என்விடியா கார்டுகளில் குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரில்தான் தொடங்குகிறது. 1080 டிஐ-யில் எவ்வளவு வேகம் மிச்சம் இருந்தாலும் இங்கே உதவாது.

டிரைவர் ஆதரவும் முடிந்துவிட்டது. 900, 10 சீரிஸ் கார்டுகளுக்கான கடைசி கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோடு சரி என என்விடியா அறிவித்தது. அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

சரி, எதை வாங்குறது?

பழைய 1060-ஐயோ 1080-ஐயோ வைத்திருப்பவர், இருக்கும் கேம்கள் நன்றாக ஓடும்வரை அவசரப்பட வேண்டாம். ஆனால் செகண்ட் ஹேண்டில் இன்று அவற்றைத் தேடிப்போய் வாங்குவது லாபமில்லை. ரே டிரேசிங் உள்ள ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸ், ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசைக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

புதிது வாங்குபவர் மாடல் பெயரோடு மெமரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் வருகின்றன. பெயர் ஒன்றுதான், ஆயுள் ஒன்றல்ல.

மதர்போர்டு பழசா? 4060 போன்ற கார்டுகள் பிசிஐஇ இணைப்பில் 8 லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 போர்டில், குறிப்பாக மெமரி நிரம்பும்போது, வேகம் சற்று அடிவாங்கும். வீடியோ எடிட்டிங் வேலை செய்பவராக இருந்தால், ஏவி1 முறையில் என்கோட் செய்யும் வசதி என்விடியாவில் 40 சீரிஸ் முதல்தான் உண்டு. அங்கே புதுசுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

கடைசியாக, எந்த ஒப்பீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஃப்ரேம் ஜெனரேஷன் 'ஆன்' என்று இருந்தால், அது இல்லாமல் எடுத்த அளவையும் தேடிப் பார்த்துவிட்டு கார்டை நீட்டுங்கள்.