தைக்க முடியுமா என்று கேளுங்கள்



முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்ற தவிப்பில் இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புகள் இருக்கின்றன. ஜவ்வு என்று நாம் சொல்லும் இவற்றை மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். உடம்பின் பாரத்தைப் பரப்பித் தாங்குவது இவைதான். முன்பெல்லாம் இவற்றை வேண்டாத உறுப்பாக எண்ணி, கிழிந்தால் முழுசாகவே எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த மூட்டுகளில் ஏற்படும் மாற்றங்களை 1948-இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். பிறகு டோக்கியோவில் மருத்துவர் மசாகி வதனபே 1962-இல், மூட்டுக்குள் நுழைத்துப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப் என்ற கருவி வழியே கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். 1969-இல் இகெயுச்சி என்ற மருத்துவர் அதே வழியில் தையலே போட்டார்.

இன்று இரண்டு மூன்று சிறு துளைகள் போதும். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. ஆனால் எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே போட்ட தையல் ஒட்டும். உள்பக்கம் ஒட்டுவது கடினம். வெட்டி எடுத்தால் சில வாரங்களில் நடமாடலாம். தைத்தால் விளையாட்டுக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோரே, அடுத்த டோர்னமென்ட்டுக்காக அவசரப்பட்டு வெட்டச் சொல்லிவிடாதீர்கள். அந்த மூட்டு உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது வருஷம் உழைக்க வேண்டும்.

நடுவயதில் தேய்மானத்தால் வரும் கிழிசல் வேறு கதை. பின்லாந்தில் 146 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்குக் கிழிசலை நீக்கினார்கள். மீதிப் பேருக்குக் கேமரா விட்டுப் பார்த்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து இரு தரப்பாருக்கும் வலி ஒரேபோலத்தான் குறைந்திருந்தது! அதனால் இந்த வயதுக்காரர்கள் முதலில் பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்து பாருங்கள். தொடைத் தசை வலுவானாலே பலருக்கு வலி அடங்கிவிடுகிறது.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கிழிசல் எந்த இடத்தில், தைக்க வாய்ப்பு உண்டா, தைக்காவிட்டால் எவ்வளவு எடுப்பீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எழுதி எடுத்துக்கொண்டு போனாலும் தப்பில்லை.


ஆசிரியர்