முதலில் முதுகு நிமிரட்டும்!

யோகம் துறவிகளுக்குரியது; வயல் உழுவோருக்கும் கோப்புப் புரட்டும் எழுதுவினைஞருக்கும் அது எதற்கு என்போர் நம்மிடையே உளர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைத் தமிழிலேயே உரைத்தது. சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இலங்கை வந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் அதனைக் கற்பித்தார். 1966இல் அமெரிக்கா சென்று அங்கும் பரப்பினார். கடல் கடந்தோர் காசு கொடுத்துக் கற்கும் கலையை நாம் நம் வாசலிலேயே மறந்திருப்பது முறையோ?

தொடக்கம் எளிது. வெறும் வயிற்றில், பாய்மேல், நாள்தோறும் பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்கற்க, நோவெடுக்குமுன் நிறுத்துக. இரத்த அழுத்தமோ முதுகு நோயோ உடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

நம் சனசமூக நிலையங்கள் விடியற்காலையில் ஒரு மணி நேரம், கட்டணமின்றி, ஆண் பெண் அனைவருக்கும் கதவு திறக்கட்டும். உரிமைக்காக நிமிர வேண்டிய இனத்துக்கு நிமிர்ந்த முதுகும் வேண்டும்!